தவிட்டுக்கு விற்ற தம்பி

என் தம்பியை விற்றபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்தவளைப் பையைக்கூட இறக்கிவைக்க விடாமல் அம்மா கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குப்பைக்குழி ஓரத்தில் தானியம் புடைக்கிற புதுச் சொளகு ஒன்று இருந்தது. அதில் கம்புத் தவிட்டைப் பரப்பி, தீட்டுக் கழிந்த பச்சைக் குழந்தையை அம்மாவே கிடத்தினாள். தவிடு உறுத்தியதோ என்னவோ, அவன் முகத்தைச் சுளித்தானே தவிர அழவில்லை.

எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று பிறந்த வாரத்திலேயே போனது. இன்னொன்று தவழ ஆரம்பித்து, எல்லாரும் இனிப் பயமில்லை என்று இருந்தபோது ஒரு காய்ச்சலில் போனது. அதனால் இவன் பிறந்ததும் அம்மா யாரையும் கேட்கவில்லை. கண்மாய்க்கரையில் வந்து தங்கியிருந்த கூடைக்காரிக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். ஆசை ஆசையாக வைத்துக்கொள்ளும் பிள்ளையைத்தான் எமன் தேடி வருவானாம். வீடு வாசல் இல்லாத ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்ட பிள்ளையென்றால் அது யாருக்கும் வேண்டாத பிள்ளை. குப்பையில் கிடப்பதை அவன் குனிந்து பார்க்க மாட்டான். அதனால் அந்த விற்பனையில் தவிட்டுக்கு மேல் ஒன்றும் கைமாறக் கூடாது. அம்மா சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது.

கூடைக்காரி கொல்லை வேலிப் பக்கமாக வந்தாள். உயரமான பெண். கழுத்து நிறையப் பாசிமணி. அவளும் அந்த நேரத்துக்கு ஒரு முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தக் குப்பையில என்னமோ கெடக்கே தாயி, யாருது?"

"யாருதோ. எங்களுக்கு வேணாம். தவிட்டுக்குத் தாரோம், வேணும்னா எடுத்துட்டுப் போ."

அவள் குனிந்து பார்த்தாள். "கருத்த பயலா இருக்கான். மூக்கும் சப்ப. இதுக்கு ஒரு பிடி தவிடே சாஸ்திதான்." மடியிலிருந்து ஒரு பிடித் தவிட்டை எடுத்து அம்மாவின் முந்தானையில் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கூடைக்காரி பிள்ளையைச் சொளகோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கண்மாய்க்கரைக்குப் போய்விட்டாள்.

வெயில் சாயும் முன்னே திரும்பி வந்தாள். வரும்போதே தெருவில் கூவிக்கொண்டு வந்தாள். "கூட வாங்கலையோ, சொளகு வாங்கலையோ, பிள்ள வாங்கலையோ, பிள்ள!" தெருவே சிரித்தது. அம்மா அப்போதுதான் முதல்முறை பார்ப்பவளைப் போல வாசலுக்கு வந்து, "என்ன வெல?" என்று கேட்டாள். ஒரு பிடித் தவிட்டுக்கு என் தம்பி வீடு திரும்பினான். தன் பிள்ளை என்ற அடையாளத்துக்கு அவன் வலது மூக்கில் கூடைக்காரி செம்புக் கம்பியால் குத்தி வளைத்துவிட்டிருந்தாள். அதில் ஒரு சொட்டு ரத்தம் காய்ந்திருந்தது.

"வளக்கத்தான் ஒங்கிட்ட குடுத்துருக்கேன் தாயி. பிள்ள எம்பிள்ள. பல்லு விழுந்து மொளைக்கிற வரைக்கும் வருசத்துக்கு ஒருக்கா எங்கையால ஒரு வாய் திங்கணும். மறந்துறாத."

"நீ மறக்காம வா" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் அழுதாள்.

எங்கள் ஊர், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் பஸ்ஸில் கல்பாலத்தில் இறங்கி வண்டிப்பாதையில் நடந்து போக வேண்டிய கரிசல் ஊர். மானாவாரி வெள்ளாமைதான். மழை பெய்தால் கம்பு, சோளம், பருத்தி, கொத்தமல்லி. கதிர் களத்துக்கு வந்துவிட்டால் போதும், யார் சொல்லி அனுப்புவார்களோ தெரியாது, வழிநடை ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள். சாணைக்கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு அரிவாள் தீட்டுகிறவர் வருவார். அம்மி கொத்துகிறவர்கள் வருவார்கள். வீரசோழனிலிருந்து துணிமூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு பாய் வருவார். வளையல்காரர் வருவார். பெரும்பாலும் தானியம்தான் கொடுப்பார்கள். கொடுக்கிற அளவில்கூடப் பெரிய பேரம் இருக்காது. பேச்சில்தான் பேரம் எல்லாம்.

யார் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வரலாம் என்பதற்கு மட்டும் சொல்லாமலே ஒரு அளவு இருந்தது. துணிக்காரப் பாய் முன்வாசலில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்ப்பார், மோர் குடிப்பார். வளையல்காரர் கூடத்துக்கே வந்து பெண்களின் கையைப் பிடித்து அமுக்கி வளையல் ஏற்றுவார். கூடைக்காரி கொல்லை வேலியோடு சரி. அவள் முடைந்த சொளகில் புடைத்த கம்பைத்தான் நாங்கள் சாமிக்குப் படைத்தோம். அவள் முடைந்த பெட்டியில்தான் மாவு இருந்தது. அவளுக்குக் கூழ் ஊற்றுகிறபோது அம்மா ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவாள். இதில் முரண் இருப்பதாக அப்போது எனக்கும் தோன்றவில்லை.

வருசத்துக்கு ஒரு வாய் என்பதிலும் இதே சிக்கல் வந்தது. அவள் சமைத்ததை எங்கள் வீட்டுப் பிள்ளை தின்னக் கூடாது. ஆனால் அவள் கையால் தின்றாக வேண்டும். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டுப் பொரிகடலையையும் கருப்பட்டியையும் ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு அவளிடம் கொடுப்பாள். அவள் அதில் கொஞ்சம் எடுத்துத் தம்பிக்கு ஊட்டுவாள். கூடைக்காரிக்கு இது தெரியாமல் இல்லை.

"ஒன் வீட்டுச் சரக்க ஏங்கையில குடுத்து ஒம்பிள்ளைக்கே ஊட்டச் சொல்ற. கெட்டிக்காரி தாயி நீ."

"ஒங்கை ராசிக்குத்தான கூப்புடுதேன்."

"கை ராசியாம். கையைத் தொட்டுப் பாத்துச் சொல்லு பாப்போம்" என்பாள் அவள். அம்மா சிரித்துக்கொண்டே ஒதுங்கிக்கொள்வாள். தம்பிக்கு மட்டும் அவளிடம் எந்த ஒதுக்கமும் இல்லை. ஓடிப்போய் அவள் மடியில் உட்கார்ந்து பாசிமணியைப் பிடித்து இழுப்பான். "ஏலே, அத்துராதலே, ஒன் சின்னாத்தாளுக்குப் பதில் சொல்ல முடியாது" என்று அதட்டிக்கொண்டே முத்தம் கொடுப்பாள். சின்னாத்தாள் என்று அவள் சொல்வது என் அம்மாவை. அவன் அவளுக்குப் பிறந்தவன் போலவும், எங்கள் அம்மா இரண்டாவதாக வந்தவள் போலவும் பேசுவாள். அம்மா அதற்குக் கோபப்பட்டதே இல்லை. அந்தப் பேச்சு நடக்கிற வரைக்கும் பிள்ளை பத்திரம் என்று அவள் நம்பினாள்.

கூடைக்காரிக்கு ஒரு மகள் இருந்தாள். என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவள். ஈச்சங்குச்சிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தாயின் பின்னாலேயே வருவாள். நான் திருச்சுழி உயர்நிலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, பஸ்ஸுக்காகக் கல்பாலத்தில் நிற்கிறபோது அவளும் வந்து நிற்பாள். கண்மாய்க்கரை அங்கிருந்து கிட்டத்தான்.

"அக்கா, அந்தப் பஸ்ஸு நெத்தியில என்ன எழுதிருக்கு?"

"நரிக்குடி."

"நரிக்குடியா? நாங்க போன மாசம் அங்கதான கெடந்தோம். இம்புட்டூண்டு எழுத்துக்குள்ளயா அம்புட்டுப் பெரிய ஊரு இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வரும். எழுத்துகளைக் காட்டிச் சொல்லுவேன். அடுத்த பஸ் வந்தால் அவள் தானாகவே ஏதாவது ஒரு எழுத்தைக் கண்டுபிடித்துக் கத்துவாள். பாதி தப்பாக இருக்கும். ஒருமுறை போர்டைப் பார்த்து அவள் சரியாகத் 'திரு' என்று படித்தபோது கண்டக்டர், "ஏறுறியா, போறியா?" என்று கேட்டார். "ரெண்டுமில்ல, படிக்கேன்" என்றாள். கண்டக்டர் சிரித்துக்கொண்டே விசில் அடித்தார். அவளுடைய அந்தப் பதிலை நான் வகுப்பில் சொன்னேன்.

எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் கை என்னுடையது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்பா கைநாட்டு. அம்மாவுக்குக் காலண்டரில் நாள்கூடக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஐந்தாவது முடித்ததும் என்னை நிறுத்தச் சொல்லி உறவுக்காரர்கள் அத்தனை பேரும் வந்து பேசினார்கள். "பொம்பளப் பிள்ளைய பஸ்ஸுல அனுப்பிப் படிக்க வக்கிறதா? கலெக்டராக்கப் போறியோ?" என்றார் பெரியப்பா. "ஆனா என்ன?" என்று கேட்டுவிட்டு அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அவ்வளவுதான் அவர் பேசியது. ஆனால் மறுநாள் காலையில் என்னைப் பஸ் ஏற்ற அவரே கல்பாலம் வரை வந்தார். இன்றைக்கு நான் ஆசிரியப் பயிற்சி முடித்து பாலவனத்தம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன் என்றால் அதற்கு அவர்தான் காரணம். அதனால்தான் அடுத்து நடந்ததைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நான் எட்டாவது படித்த வருசம் மழை பொய்த்தது. ஐப்பசியில் ஒரு மழை, அதோடு சரி. கம்பு கதிர் பிடிக்காமல் சருகாக நின்றது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. எங்களுக்குப் பழைய தானியம் குலுக்கையில் கொஞ்சம் இருந்தது. இல்லாத வீடுகள் கொத்து வேலைக்கு அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் போயின. துணிக்காரப் பாய் வரவில்லை. வளையல்காரர் வரவில்லை. புடைக்கத் தானியம் இல்லாத ஊரில் சொளகு யாருக்கு வேண்டும்? இருந்தாலும் தை பிறந்ததும் கூடைக்காரி வந்துவிட்டாள். தம்பிக்கு ஊட்டத்தான் வந்தாள். வந்த கூட்டத்தில் எல்லாரும் வற்றிப்போயிருந்தார்கள். அவர்கள் சாமான் சுமக்கும் கழுதைகளில் ஒன்று குறைந்திருந்தது.

ஊட்டி முடித்த பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. வேலியோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மகள் பின்னால் நின்றாள்.

"தாயி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"இவளப் பள்ளியோடத்துல விடலாம்னு பாக்கேன். உள்ளூரு வாத்தியாருகிட்டப் போயிக் கேட்டேன். நீ இன்னைக்கு இங்க இருப்ப, நாளைக்கு எங்க இருப்பியோ, பொறுப்புக்கு ஒரு வீடு வேணுமேங்காரு. எங்க வீட்டுல இருந்து வாரான்னு யாராச்சும் வந்து ஒரு வார்த்த சொன்னாச் சேத்துக்கிடுவாராம். மத்தியானம் அங்கயே சோறும் போடுவாகளாம்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மாட்டுக்கொட்டத்துல ஒரு மூலையில படுத்துக்கிடுவா. சாணி அள்ளுவா, தண்ணி தெளிப்பா. வீட்டுக்குள்ள வர மாட்டா. அடுத்த தைக்கு நான் வந்து பாத்துக்கிடுதேன். எம்பிள்ள ஒங்கிட்ட வளருறான்ல. இவளும் அப்பிடித்தான்னு வச்சுக்கயேன்."

அவள் இதற்கு முன் எங்களிடம் கூழுக்கும் பழஞ்சேலைக்கும் மேல் எதுவும் கேட்டதில்லை. அம்மா முகத்தில் பயம் தெரிந்தது. கேட்டதைக் கொடுக்காவிட்டால் தம்பிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம். ஆனால் பயம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பெண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவுககிட்டக் கேட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

அப்பா வெளியிலிருந்து வந்ததும் கேட்டாள். அவர் காலைக் கழுவிக்கொண்டே, "அதெல்லாம் ஆகாது" என்றார்.

"நான் போயி வாத்தியாருகிட்டச் சொல்றேன்ப்பா" என்றேன். "எங்க வீட்டுப் பிள்ளைன்னு ஒரு வார்த்தைதான?"

"நீ சொல்லுவ. சொல்லிட்டு மறுநாள் பஸ்ஸு ஏறிப் போயிருவ. அவ எந்தச் செம்புல தண்ணி குடிப்பா? எந்தக் கெணத்துல எறைப்பா? ஒன்னையப் பொண்ணு கேட்டு வாரவன் என்ன கேப்பான்? ஒன்னையப் படிக்க வச்சதுக்கே பாதி ஊரு சிரிக்கான். இதுவும் சேந்தா வேற வேல வேணாம்."

"அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறுதுப்பா."

"ஏறட்டும். நான் என்ன வேணாம்னா சொல்றேன்? எங்கொட்டத்துல வேணாம்ங்கேன்."

"நம்ம பயலுக்கு அவ ஒரு தாயி" என்றாள் அம்மா, மெதுவாக. "அவ மனசு நோகக் கூடாது. நெனச்சுப் பாருங்க."

அந்தச் சொல் அப்பாவைத் தொட்டது. அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் குழியில் இறக்கியவர் அவர்தான். கூடைக்காரியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பிறகு எழுந்து குலுக்கையைத் திறந்தார். அந்த வருசத்தில், நாங்களே அளந்து பொங்கித் தின்றுகொண்டிருந்தபோது, ஒரு சாக்கு நிறையக் கம்பை அள்ளிக் கட்டினார். அம்மா, "என்ன செய்றீக?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனாள். அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லை வேலிக்குப் போனார். கூடைக்காரிக்கு நல்லதும் செய்து, இந்தப் பேச்சையும் ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அக்கம்பக்கத்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் அவரும் உரக்கப் பேசினார்.

"இந்தா, எடுத்துக்க. எம்பிள்ளைக்கு இத்தன வருசம் நீ செஞ்சதுக்கு இது. பிள்ளைய நான் வெல குடுத்து வாங்கிட்டேன்னு வச்சுக்க. இனிமே ஒனக்கும் எங்களுக்கும் பாக்கி ஒண்ணுமில்ல."

சாக்கு தரையில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு மேல் அம்மா போட்ட சத்தம்.

"அய்யோ, பிள்ளைக்கு வெல வச்சுட்டீகளே!"

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஒரு பிடித் தவிடு பெறாத பிள்ளை என்று இத்தனை வருசமாகச் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றி வந்தோம். பஞ்ச வருசத்தில் ஒரு மூட்டை கம்பு பெறுமானமுள்ள பிள்ளை என்று அவர் தெருவறியச் சொல்லிவிட்டார். நான் படித்தவள். எமனுக்குக் காது உண்டு என்று நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் என் கை தானாகப் போய்த் தம்பியைப் பிடித்துக்கொண்டது.

கூடைக்காரி அந்தச் சாக்கைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அவள் மகள், வேலிக்கு அப்பால் அவள் ஆட்கள். அவர்கள் எல்லாருமே அந்தச் சாக்கைத்தான் பார்த்தார்கள். அவள் வீட்டுக்காரர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். அவள் கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"எனக்கு வேணாம் சாமி."

"சும்மா எடுத்துக்க. நான் ஏதோ வாய் தவறி..."

"எடுத்துட்டா நீங்க சொன்ன சொல்லு நெசமாயிரும். கருத்த பய, சப்ப மூக்கு, அவனுக்கா ஒரு மூட்ட கம்பு? யாரு குடுப்பா?" சொல்லிக்கொண்டே சாக்கைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினாள். "ஏம்பிள்ளைக்கு வெலயே கெடையாது. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இவன் தவிட்டுக்கு வந்த பய."

கடைசி வார்த்தையை அவள் வானத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு குனிந்து, தலையில் வைக்கும் சும்மாட்டை எடுத்து உதறிவிட்டு, "வாடி" என்று மகளைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. அந்தப் பெண் மட்டும் என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சாக்கின் வாய்க்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்து போய்ப் பார்த்தபோது கண்மாய்க்கரையில் அடுப்புக்கல் மட்டும் கிடந்தது.

அடுத்த தையில் அவள் வரவில்லை. அந்த வருசம் நல்ல மழை, களம் நிறையக் கம்பு. வளையல்காரர் வந்தார், பாய் வந்தார், சாணைக்காரர் வந்தார். அம்மா பொரிகடலையை வறுத்து வைத்துக்கொண்டு மாசி முழுவதும் கல்பாலத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடினான், விழுந்தான், முட்டியைப் பேர்த்துக்கொண்டான். அவன் ஒருமுறை தும்மினால்கூட அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்ப்பாள். அப்பா இடத்தை விட்டு எழுந்து போய்விடுவார். இருவருக்கும் இடையில் அதைப் பற்றிச் சண்டைகூட நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பங்குனியில் துணிக்காரப் பாய்தான் தகவல் சொன்னார். வீரசோழன் சந்தையில் கூடைக்காரர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள், உயரமான பொம்பளை ஒருத்தி இருக்கிறாள் என்றார். அம்மா அதுவரை கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர எதற்கும் பஸ் ஏறியதில்லை. அன்றைக்கு அப்பாவிடம் கேட்காமலே கிளம்பினாள். ஒரு புதுச் சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் போர்டைப் படிக்க என்னையும், வாய் திறந்து வாங்கிக்கொள்ளத் தம்பியையும் கூட்டிக்கொண்டாள்.

சந்தையின் ஓரத்தில், மூங்கில் பட்டைகளைச் சீவிக்கொண்டு கூடைக்காரி உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் கையில் இருந்த கத்தி நின்றது. தம்பி, ஒரு வருசம் ஆகியும், யோசிக்காமல் ஓடிப்போய் மடியில் விழுந்தான்.

"ஏலே, வளந்துட்டியேலே! ஒன் சின்னாத்தா சோறு போடுறாளா?"

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏன் வரல? நான் எம்புட்டுத் தவிச்சேன் தெரியுமா?"

"பாக்கி இல்லன்னு சொல்லிட்டாகளே தாயி. அப்புறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டு வாரது?"

"அது அவுக பேச்சு. நான் சொல்லலயே. இந்தா, பிள்ளைக்கு ஊட்டு." அவசரத்தில் பொரிகடலையைக் கொண்டுவர அம்மா மறந்துவிட்டது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். பையைத் தடவிய கை அப்படியே நின்றது. கூடைக்காரி அம்மாவை ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த மண்சட்டியை இழுத்தாள். அவள் காய்ச்சிய சோளக்கூழ். தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக ஒரு வத்தல். அவள் ஒரு கை அள்ளித் தம்பியின் வாய்க்கருகே கொண்டுபோய் நிறுத்தினாள். அம்மா தலையை அசைத்தாள். தம்பி தின்றான். இன்னும் வேண்டும் என்றான். அவள் சட்டியில் இருந்ததை எல்லாம் ஊட்டினாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு வருசமாக இருந்த இறுக்கம் விட்டுப்போனது. பிறகு மனதில் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள். "ஒம்மக எங்க? எங்கூட அனுப்பு. நான் வாத்தியாருகிட்ட வந்து சொல்லுதேன். அவுக என்ன சொன்னாலும் சரி. கொட்டத்துல இல்ல, அடுப்படிப் பக்கமே படுத்துக்கிடட்டும். இந்தா, இவ பாத்துக்கிடுவா." என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

கூடைக்காரி மறுபடி கத்தியை எடுத்து மூங்கிலைச் சீவத் தொடங்கினாள்.

"அவளக் குடுத்தாச்சு தாயி."

"குடுத்தாச்சா? யாருக்கு? பச்சப்பிள்ள அது."

"தெக்க, கோயில்பட்டிப் பக்கம் ஒரு கூட்டத்துக்கு. போன வருசம் ஒங்க ஊருலருந்து கெளம்பினமா, வழியில எங்கயும் ஒண்ணும் கெடைக்கல. அங்காளி பங்காளி எல்லாரும் வவுத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாக. பரியமா ரெண்டு மூட்ட கம்பும் ஒரு கழுதையும் தாரோம்னு வந்தாக. வாங்கிட்டோம்."

எங்கள் கொல்லையில் கூடைக்காரி காலால் தள்ளிய சாக்கு அம்மாவுக்கும் ஞாபகம் வந்திருக்கும். அந்த ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் அவர்கள் அந்த மாசத்தைத் தாண்டியிருப்பார்கள்.

"திருப்பிக் குடுத்துட்டா?" என்றாள் அம்மா திடீரென்று. "நான் தாரேன். ரெண்டுக்கு நாலா தாரேன். இந்த வருசம் எங்களுக்கு வெளஞ்சிருக்கு."

கூடைக்காரி சிரித்தாள். கேலி இல்லை. குழந்தை ஏதோ கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "அவ புருசன் வீட்டுல இருக்கா தாயி. தலைக்கு எண்ண வச்சு அனுப்பிட்டேன். அத எப்பிடித் திருப்ப முடியும்?"

"நல்லா இருக்காளா?" என்று நான் கேட்டேன்.

"இருக்கா. ஆடியில பாத்தேன். வெள்ளாட்டுக் குட்டி ஒண்ணு வளக்கா." சீவிய பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "பஸ்ஸு போனா ஓடிப்போயி நிக்காளாம். மாமியாக்காரி வையுதா."

அம்மா கொண்டுவந்த சேலையை அவள் வாங்கிக்கொண்டாள். தனக்கு இல்லை, தெற்கே போகும்போது மகளிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். எப்போது போவாள் என்று அவளுக்கும் தெரியாது. அடுத்த தைக்கு வருவதாகவும் சொன்னாள். வந்தாள். தம்பிக்குப் பல் விழுந்து முளைக்கிற வரைக்கும் வந்தாள். அதற்குப் பிறகு வர வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஆனால் அந்தச் சந்தை நாளுக்குப் பிறகு அவளும் அம்மாவும் பழைய மாதிரி கேலி பேசிக்கொண்டதை நான் கேட்கவில்லை. ஊட்டுவாள், எழுந்திருப்பாள், போய்விடுவாள்.

அன்றைக்கு நாங்கள் வீடு திரும்பியபோது அப்பா மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். சொல்லாமல் போனதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"பாத்தீகளா?"

"பாத்தோம். பிள்ளைக்கு ஊட்டிட்டா" என்றாள் அம்மா.

அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. "நல்லது. இனிப் பயமில்ல" என்றார். எங்கள் மூவரில் அவர்தான் அந்த ஒரு வருசமும் அதிகம் பயந்திருந்தார் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அம்மா உள்ளே போய்விட்டாள். அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது.

நான் சொன்னேன். அந்தப் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள் என்றேன். எதற்குக் கொடுத்தார்கள் என்பதையும் சொன்னேன்.

அப்பா கேட்டுக்கொண்டே நின்றார். கட்டிய கயிற்றை அவிழ்த்தார். மறுபடி அதே முளையில் கட்டினார். பிறகு, என்னைப் பார்க்காமல், "ஒனக்குப் பரீச்ச எப்ப?" என்று கேட்டார்.